அந்த 87 யார் வாங்கிய மார்க்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்கள் தெருமுனை டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. ஒருவர் கையில் நாளிதழ், மற்றவர்கள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். 2024இல் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடு. மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளிகளில் அது 87ஐ ஒட்டி இருந்தது. எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆவுது சார். பக்கத்துத் தெரு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பசங்களே இல்லன்றாங்க. ரிசல்ட்டும் கம்மியா இருக்கு. எப்படி நம்பிச் சேக்கறது?”

நியாயமான கேள்வி. பிள்ளை வைத்திருக்கும் யாரும் கேட்கக்கூடியது. பிள்ளைகள் குறைகிறார்கள், தேர்ச்சியும் குறைவு, ஆகவே பள்ளி சரியில்லை: இரண்டு எண்ணைக் கூட்டி அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்த இரண்டு எண்ணும் எங்கே பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால் இந்தக் கூட்டல் எவ்வளவு தூரம் சரி என்று நாமே பார்த்துவிடலாம். இன்னொரு டீ சொல்லிவிட்டு மெதுவாகப் போவோம்.

முதலில், மாநகராட்சிப் பள்ளி என்றால் என்ன? அரசுப் பள்ளி என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் சென்னையின் பழைய பகுதிகளில் தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் கவனிக்கிற அதே மாநகராட்சிதான் பள்ளிகளையும் நடத்துகிறது. பாடநூலும் பொதுத்தேர்வும் மாநிலம் முழுக்க உள்ளவைதான். நெடுங்காலமாக இவை 280 பள்ளிகளை ஒட்டி இருந்தன. 2011இல் நகர எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகளும் பிற்பாடு மாநகராட்சியின் கைக்கு வந்ததால், இப்போது 400ஐத் தாண்டிவிட்டன. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. கதவைத் தட்டுகிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இதற்கு வருவோம்.

இனி முதல் எண்: பள்ளியில் எத்தனை பிள்ளைகள்? ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தொகுப்பில் ஓர் எண் இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் ஏறுவது மாதிரிதான். பள்ளி மாறினாலும் அந்த எண் பிள்ளையோடு கூடவே போகும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பள்ளியில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதை வைத்து அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கணக்கிடுவார்கள். பணியிட நிர்ணயம் என்று இதற்குப் பெயர். ஆசிரியர்கள் அறையில் ஜூலை மாதம் இதைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்பது 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. முப்பது பேருக்கு ஒருவர் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பல தனியார் பள்ளிகளில் ஒரு வகுப்பறையில் 40 பேரைக் காண்கிறோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த 60 பேரும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இல்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகளில் பரவியிருக்கிறார்கள். ஆசிரியர்களோ இருவர்.

இரண்டு அடுப்பில் ஐந்து வீட்டுச் சமையல் செய்வதைப் போல இது. ஒருவர் ஒன்று, இரண்டாம் வகுப்புகளை வைத்துக்கொண்டால், மற்றவருக்கு மூன்று, நான்கு, ஐந்து. அவர் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித் தரும்போது மூன்றாம் வகுப்பு பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் அன்று பள்ளி முழுவதும் ஒருவர் கையில். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அம்மாவுக்கு இந்தச் சட்டக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் பார்ப்பது சும்மா உட்கார்ந்திருக்கும் தன் பிள்ளையை. அடுத்த ஜூனில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அவர் போனதும் ஆகஸ்ட் எண் இன்னும் குறைகிறது. 63 பேர் 58 ஆனால் மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார். பணி நிரவல் என்ற பெயரில் அவரை ஆள் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றுவார்கள். மிஞ்சிய சோற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போல நிர்வாகத்துக்கு அது சரியாகத்தான் படும். பள்ளிக்கோ ஐந்து பிள்ளைகளோடு ஓர் ஆசிரியரும் போகிறார். அடுத்த ஆண்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கும் அம்மாவுக்கு இன்னும் காலியான பள்ளி தெரிகிறது. பிள்ளைகள் குறைந்ததால் பள்ளி பலவீனமாவது உண்டு. நாம் வழக்கமாக நினைப்பதற்கு இது நேர் எதிர்த் திசை.

அப்படியானால் முதலில் குறைந்தது எதனால்? பெரிய காரணம், பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள் என்பது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். நாலைந்து பிள்ளைகள் இருந்த வீடுகளை நம்பி 1960, 70களில் கட்டிய வகுப்பறைகளை, ஒன்றிரண்டு பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எப்படி நிரப்பும்? அத்தோடு சௌகார்பேட்டை, தியாகராய நகர் போன்ற இடங்களைப் பாருங்கள். குடியிருந்த வீடுகள் கடையாகவும் கிடங்காகவும் மாறிக்கொண்டே வருகின்றன. பள்ளி அங்கேயேதான் இருக்கிறது, பிள்ளை இருந்த வீடு இல்லை.

சில இடங்களில் தெருவே எழுந்து போய்விட்டது. கூவம் கரையில் இருந்த சத்யவாணி முத்து நகரை 2019 டிசம்பர் கடைசியில் காலி செய்யத் தொடங்கினார்கள். குடும்பங்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கல்வியாண்டின் நட்டநடுவில். பொதுத்தேர்வுக்கு இரண்டு மூன்று மாதமே இருந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அதற்கு முன்பு கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் இப்படித்தான் போனார்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமெடுத்தது. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். நகரின் நடுவில் ஒரு பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர்கள் அடிக்கப்பட்டபோது, அங்கே ஒரு பள்ளியில் உட்கார இடம் இல்லாமல் போனது. நடுவே இருந்த அந்தப் பள்ளியின் ஆசிரியர் இதில் என்ன தவறு செய்தார்? ஒரு குடியிருப்பை மாற்றும்போது பள்ளியைப் பற்றி யோசிக்காமல் மாற்றுவது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத ஒன்று.

பலர் கவனிக்காத இன்னொரு வாசல் மூன்று வயதில் இருக்கிறது. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. மூன்றரை வயதில் தொடங்கிவிடும். அரசுப் பள்ளி பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில், ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைக்கு ஒரு வேன், ஒரு சீருடை, ஒரு மிஸ், நாலு சிநேகிதர்கள் என்று எல்லாம் அமைந்துவிடுகிறது. ஐந்து வயதில் அதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வர எந்த அம்மாவுக்கு மனம் வரும்? அரசுக்கும் இது புரிந்துதான் 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கினார்கள். சென்னைப் பள்ளிகள் பலவற்றிலும் மழலையர் வகுப்பு உண்டு. அது இருக்கும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு தானாக நிரம்புவதைப் பார்க்கலாம்.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2021இல் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சேர்க்கை விறுவிறுவென்று ஏறியது, சென்னையிலும்தான். வேலை போனது, கட்டணம் கட்ட முடியவில்லை. கட்டடங்கள் முந்தைய ஆண்டு இருந்தவையே, ஆசிரியர்களும் அவர்களே. சேர்க்கை எண் ஏறினாலும் இறங்கினாலும் அது பெரும்பாலும் தெருவின் கதையைச் சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இனி இரண்டாவது எண்ணுக்கு வருவோம். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம். தேர்ச்சி விகிதம் என்பது பள்ளி வாங்கிய மார்க் என்று நாம் நினைக்கிறோம். 100 வாங்கிய பள்ளி கெட்டிக்காரப் பள்ளி, 87 வாங்கியது சுமாரான பள்ளி என்று.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரே தெருவில் இரண்டு பள்ளிகள். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பு நடக்கிறது. முதல் பள்ளியில் 60 பேர். ஆண்டு முடிவில் அந்தப் பள்ளி தடுமாறும் 15 பேரின் பெற்றோரைக் கூப்பிட்டு, “வேற ஸ்கூல் பாத்துக்கோங்க, இங்க பத்தாவது கஷ்டம்” என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகிறது. மிச்சம் 45 பேர் எழுதி 45 பேரும் தேறுகிறார்கள். வாசலில் பெரிய பேனர்: 100 விழுக்காடு.

இரண்டாவது, மாநகராட்சிப் பள்ளி. அதன் சொந்தப் பிள்ளைகள் 45 பேர். கதவைத் தட்டுகிற பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று பார்த்தோமே, அந்த விதிப்படி வெளியே வந்த 15 பேரும் இங்கே வருகிறார்கள். சொந்தப் பிள்ளைகளில் 43 பேர் தேறுகிறார்கள். வந்த 15 பேரில், ஒரே ஆண்டில் மூச்சைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்து, 9 பேரைக் கரையேற்றுகிறார்கள். மொத்தம் 60இல் 52. விழுக்காட்டில் 87.

இப்போது அந்த 15 பேரையும் அவரவர் பழைய இடத்தில் உட்காரவைத்து, அங்கும் 9 பேர் தேறியதாக வைத்துக் கணக்குப் பாருங்கள். முதல் பள்ளி 60இல் 54, அதாவது 90. இரண்டாவது பள்ளி 45இல் 43, 95க்கும் மேல். பிள்ளைகள் அதே பிள்ளைகள், சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே. யார் எந்த வாசலில் நின்றார்கள் என்பது மாறியதும் வரிசையே தலைகீழாகிவிட்டது. டீயை வடிகட்டிக் கொடுத்துவிட்டு என் டீயில் தூசி இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சக்கை போன இடம் ஒன்று இருக்கிறது அல்லவா.

எல்லாத் தனியார் பள்ளிகளும் இப்படிச் செய்வதாக நான் சொல்லவில்லை. தடுமாறும் பிள்ளையைத் தூக்கி நிறுத்தும் தனியார் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் வடிகட்டல் நடப்பது பெற்றோர் பலருக்கும் தெரிந்த சங்கதி. அது விதிக்குப் புறம்பாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சேர்க்கையின்போது மதிப்பெண் கேட்பதும் வடிகட்டிதான். கட்டணமும் ஒரு வடிகட்டிதான்: இரவு வேலைக்குப் போகும் பையன், தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண், தேர்வுக்கு முந்தைய மாதம் ஊருக்குப் போய்விடும் புலம்பெயர்ந்த தொழிலாளியின் மகள் இவர்களெல்லாம் கட்டணம் இருக்கும் வாசலில் குறைவாகத்தான் நிற்பார்கள்.

அந்த விகிதத்துக்கு வேறு குறைகளும் உண்டு, அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 35 வாங்கியவரும் 99 வாங்கியவரும் அதற்கு ஒன்று. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து விழுக்காடு சரியும். 2021இல் தேர்வே நடக்காமல் பிளஸ் டூவில் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள்; பள்ளிகள் மூடிக் கிடந்த ஆண்டில் விகிதம் நூறு. மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை 2017இல் நிறுத்தியது நல்ல காரியம். பள்ளிகளின் விழுக்காட்டுப் பந்தயம் மட்டும் நிற்கவில்லை.

சரி, பள்ளி உண்மையில் என்ன செய்தது என்று எப்படித்தான் அறிவது? அங்கன்வாடியில் குழந்தைக்கு ஒரு வளர்ச்சி அட்டை வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துப் புள்ளி வைப்பார்கள். குறைப் பிரசவத்தில் பிறந்த குழந்தை எடை குறைவாகத்தான் இருக்கும். அங்கன்வாடி அக்கா பார்ப்பது இன்றைய எடையை மட்டும் அல்ல, கோடு மேலே ஏறுகிறதா என்று. பள்ளிக்கும் அப்படி ஓர் அட்டை இருந்தால், உள்ளே வரும்போது பிள்ளை எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்ற தூரம் தெரியும். அந்தத் தூரம்தான் ஆசிரியரின் உழைப்பு. பொதுத்தேர்வு பார்ப்பது கடைசி எடையை மட்டும்.

அந்தத் தூரத்தை முறையாக அளந்த ஓர் ஆய்வு நமக்கு அண்டை மாநிலத்தில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியலாளர்கள், 2008 முதல் நான்கு ஆண்டுகள் ஆந்திரக் கிராமங்களில் செய்தது, 2015இல் வெளியானது. தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்க விண்ணப்பித்த குடும்பங்களில் குலுக்கல் போட்டார்கள். சீட்டு விழுந்த பிள்ளை தனியாருக்குப் போகலாம், விழாத பிள்ளை பெரும்பாலும் அரசுப் பள்ளியிலேயே. குலுக்கல் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி அக்கறையுள்ள பெற்றோர். வடிகட்டியை எடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்குப் பின் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. குலுக்கல் இல்லாமல் நேராக ஒப்பிட்டால் தனியார் பள்ளிகள் முன்னே இருந்தன; அந்த முன்னிலை பள்ளி கொடுத்தது அல்ல, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்வதுதான் முறை. தனியாரில் சேர்ந்த பிள்ளைகள் இந்தியில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு அந்தப் பள்ளிகள் செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இது அரசுப் பள்ளிக்காரர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். கிராமத்துக் கணக்கு நகரத்துக்கு அப்படியே ஒட்டும் என்றும் சொல்ல மாட்டேன். வாசல் பலகையைப் பார்த்துப் பள்ளியை எடைபோடுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இவ்வளவும் சொன்னதால் எல்லா மாநகராட்சிப் பள்ளியும் நல்ல பள்ளி என்று ஆகிவிடாது. பிள்ளை நாலாம் வகுப்பு வந்தும் ஒரு பத்தி வாசிக்கத் தெரியாமல் இருக்கும் பள்ளிகள் உண்டு. அதைப் பார்க்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது, ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியைக் கண்டுபிடிக்க நாளிதழின் 87 உதவாது. கொஞ்சம் யோசித்தால், அந்த எண் மேல்நிலைப் பள்ளிகளுடையது. இஸ்திரித் தம்பியின் மகள் சேரப்போவது ஒன்றாம் வகுப்பில். பக்கத்துத் தெருத் தொடக்கப் பள்ளியைப் பற்றி எந்த நாளிதழிலும் ஓர் எண்கூட வருவதில்லை. பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ‘அசர்’ ஆய்வும் கிராமங்களில்தான் நடக்கிறது.

ஆகவே நேரில்தான் போக வேண்டும். தம்பியைக் காலையில் எட்டு மணியை ஒட்டிப் போகச் சொன்னேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் ஒரு பள்ளியின் முகம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். யார் பரிமாறுகிறார்கள், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் யாராவது போய்க் கேட்கிறார்களா என்று பார்க்கலாம். பள்ளியில் சாப்பாடு போடுவது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1920இல் தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் மதிய உணவு போட்டார்கள். பசியோடு வீட்டில் இருந்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் வழி அன்றைக்கே தெரிந்திருந்தது.

பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், டீச்சர் அனுமதியோடு. பள்ளி மேலாண்மைக் குழு எப்போது கூடியது என்று விசாரிக்கலாம். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், மொத்தத்தில் பாதி பெண்கள். அவர் மனைவிக்கே அதில் இடம் கிடைக்கலாம். கடைசியாக, பள்ளியில் மொத்தம் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவரச் சொன்னேன்.

தம்பி அந்த வாரமே போய்வந்தார். பெண் பிள்ளை ஒன்று தடுமாறாமல் வாசித்ததாம், பக்கத்துப் பையன் எழுத்துக்கூட்டி வாசித்தானாம், டீச்சர் இரண்டு பேரையும் காதுகொடுத்துக் கேட்டாராம். உப்புமா நன்றாக இருந்ததாம். “மொத்தம் அம்பத்தொம்போது பசங்க சார். ரெண்டு டீச்சர்.”

பாப்பா சேர்ந்தால் 60 என்றேன். இன்னும் ஒரே ஒரு பிள்ளை வந்தால் 61, சட்டப்படி மூன்றாவது ஆசிரியர். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பையனுக்கும் இந்த ஜூனில் ஐந்து வயது முடிகிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுத் துணி மூட்டையைத் தானே எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார்.